புலியன் எனக்கு, பூச்சி ஒனக்கு

அந்த வருஷம் ஐப்பசி முழுக்க இனயம் கடற்கரையில் ஒரே பேச்சுதான். சிலுவைதாசனையும் தஸ்நேவிஸையும் புலியன் தின்றிருக்குமா, இல்லை இருவரும் எங்காவது கரை கண்டிருப்பார்களா? வலை உலர்த்துகிற இடத்தில் இதே பேச்சு, கிணற்றடியில் இதே பேச்சு, பூசை முடிந்து கோவில் படி இறங்கினாலும் இதே பேச்சு. காலையில் இங்கே ஒருத்தி மூக்கைச் சிந்தினால் மத்தியானம் கருங்கல் ஊர்ச் சந்தையில் அதற்கு அர்த்தம் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊர்.

புலியன் என்றால் புலிச்சுறா. உடம்பின் இரு பக்கமும் வரி ஓடும். இன்னதுதான் தின்பேன் என்ற பிடிவாதம் அதற்குக் கிடையாது. ஆமை, கடற்பாம்பு, செத்த காக்கை, கப்பல்காரன் வீசிய தகர டப்பா, எதிரில் எது வந்தாலும் உள்ளே போகும். பல் ஒன்று விழுந்தால் பின்னால் இன்னொன்று தயாராக நிற்கும். கடற்கரைக்காரர்கள் புயலைக்கூட வாய்விட்டுத் திட்டுவார்கள். புலியனைத் திட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் தூண்டில் போடப் போனார்கள். சிலுவைதாசன் வியாகுலம்மாளின் புருஷன். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், பிள்ளை இல்லை. தஸ்நேவிஸ் அடுத்த வீட்டு மதலேனாளின் ஒரே மகன். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் காற்று குணம் மாறியது. மற்ற மரங்களெல்லாம் தப்பிப் பிழைத்துக் கரையேறின. அந்த ஒரு மரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஆள் ஒதுங்கவில்லை, மரத்தின் தடி ஒதுங்கவில்லை, துடுப்புகூட ஒதுங்கவில்லை.

ஒன்றுமே ஒதுங்காததுதான் பெரிய கொடுமை. உடம்பு கிடைத்தால் விழுந்து புரண்டு அழலாம். கோவிலில் துக்கமணி அடிக்கும், சாமியார் வருவார், குழி வெட்டி அடக்கம் செய்வார்கள், பெண்சாதி கழுத்திலிருந்து தாலி மின்னைக் கழற்றுவார்கள். எல்லாம் வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் ஒரு முடிவு. உடம்பு கிடைக்காவிட்டால் மணி கிடையாது, குழி கிடையாது. தாலி மின்னு கழுத்திலேயே கிடக்கும். ஆனால் கல்யாண வீட்டுக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள், துக்க வீட்டிலும் அவளுக்கென்று ஓர் இடம் இருக்காது.

வியாகுலம்மாள் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. உலையில் அவனுக்கும் சேர்த்தே அரிசி போட்டாள். கிழங்கு அவித்தாலும் அவன் பங்கைத் தனியே மூடி வைத்தாள். காலையில் அதைத் தானே தின்றாள். புறப்படுவதற்கு முந்தின நாள் நடந்ததை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். அவன் கழுத்து உத்தரியத்தின் ஒரு மூலை பிய்ந்திருந்தது. உத்தரியம் என்பது கார்மேல் மாதாவின் பெயரால் கழுத்தில் போடுவது. கயிற்றில் கோத்த இரண்டு தவிட்டுநிறக் கம்பளித் துண்டு, அவ்வளவுதான். அது இல்லாமல் கடலில் இறங்குகிற ஆண்பிள்ளை அந்தக் கரையில் கிடையாது. தவிட்டுநிற நூல் அகப்படாததால், ரவிக்கை தைத்து மிஞ்சிய நீல நூலால் அந்த மூலையைத் தைத்துக் கொடுத்தாள்.

"மாதா கோவிச்சுக்கிட மாட்டாளா?" என்றான் சிலுவைதாசன்.

"மாதாவுக்க முக்காடே நீலந்தானே. பேசாம போட்டுக்கிடுங்கோ."

அவன் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தான். அவள்தான் போட்டுவிட்டாள்.

ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், அவள் கடலைப் பார்த்து நின்றபோது தலைக்கு மேலே ஏதோ போயிற்று. அண்ணாந்தாள். வண்ணாத்திப்பூச்சி. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு எண்ண முடியாத கூட்டம். கறுத்த சிறகில் வெளிர் நீல வரிகள். வடக்கே மலைப்பக்கமிருந்து வந்து, தென்னைகளைத் தாண்டி, கூரைகளைத் தாண்டி, எதிலும் உட்காராமல் நேரே கடலுக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. வருஷா வருஷம் போகிறவைதான். யார் பார்த்தார்கள்? கடற்கரைக்காரன் தண்ணீரைப் பார்ப்பான், தண்ணீர் சரியில்லை என்றால் வானத்தைப் பார்ப்பான். பூச்சியைப் பார்க்க அவனுக்கு எங்கே பொழுது?

வியாகுலம்மாள் பார்த்தாள். பார்த்ததும் மதலேனாள் வீட்டுக்கு ஓடினாள். மதலேனாளுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், மற்றதெல்லாம் கைதான் பார்க்கும். மகன் எந்த நேரம் வந்தாலும் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்று வீட்டுக் கதவை இரவும் பகலும் திறந்தே போட்டிருந்தாள்.

"மாமி, பூச்சி கடலுக்கு மேல போவுது மாமி! கூட்டங்கூட்டமாட்டு போவுது!"

"கடலுக்கு மேல போயி எங்க இருக்கும் மக்கா? அங்கன மரமா, செடியா?"

"அக்கரையில போயி இருக்கும். அக்கரை இருக்கப்போயித்தானே போவுது?"

கிழவி வாசல் வெளிச்சத்துப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, "அக்கரைன்னா கொழும்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

கொழும்பு என்ற சொல் காதில் விழுந்தால் யூஜினுக்கு இருக்கை கொள்ளாது. கொழும்பில் பண்டகசாலையில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவன். 'கொழும்புல' என்று தொடங்காமல் அவனால் தும்மக்கூட முடியாது என்று ஊரில் கேலி செய்வார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவன் இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

"கொழும்புல இதே பூச்சிய நான் பாத்திருக்கேன் மாமி. கடல் கடந்துதான் வருதுன்னு அங்க உள்ளவியளும் சொல்லுவினும். உள்ளுக்க ஒரு பெரிய மலை உண்டு, எல்லாம் அங்கதான் போவும். பூச்சிய விடுங்கோ, ஆளே வந்திருக்கு. கொழும்புல நான் இருக்கப்பம் நம்ம பக்கத்து மரம் ஒண்ணு காத்துல அடிச்சு வந்து கரையேறிச்சு. கஞ்சி குடுத்து, துணி குடுத்து, கப்பல் ஏத்தி அனுப்புனாங்க."

இது போதாதா? அன்றிலிருந்து இரண்டு பெண்களும் பூச்சிப் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். ஊரில் புலியன் கட்சி, பூச்சிக் கட்சி என்று பெயரே வைத்துவிட்டார்கள். பூச்சிக் கட்சியில் இரண்டே பேர்.

புலியன் கட்சிக்குத் தலைவன் யாரென்றால், சிலுவைதாசனின் சொந்தத் தம்பி யாகப்பன். அண்ணன் போனதிலிருந்து அவன் வேறு மீனுக்குப் போகவில்லை. சுறாத் தூண்டிலைத் தவிர வேறெதையும் கையில் தொடவில்லை. ஒருநாள் முற்றத்தில் உட்கார்ந்து தூண்டிலை அரத்தால் ராவிக்கொண்டே சொன்னான்.

"மைனி, வெறுதே மனசக் கெடுக்காதீங்கோ. கடலுல கெடக்கது பூச்சி இல்ல, புலியன். மரத்துக்க நீளம் உண்டும். அதுக்க முன்ன மனுசன் ஒரு வாய்க்குப் பத்தமாட்டான்."

"புலியனுக்கு பல்லு உண்டு, பலம் உண்டு, எல்லாம் உண்டு. தண்ணிய விட்டு ஒரு சாண் மேல வந்து அதுக்கு இருக்க ஒக்குமா?" என்றாள் வியாகுலம்மாள். "இந்த பூச்சிக்கு என்ன உண்டு? பல்லு இல்ல, எலும்பு இல்ல, ஊதுனா பறந்துரும். அது கடல் தாண்டுதில்லியா? அப்பம் மரமும் ரெண்டு கையும் உள்ள ஒங்க அண்ணனுக்கு தாண்ட ஒக்காதா?"

"எலும்பு புலியனுக்கும் கெடையாது மைனி. அறுத்துப் பாத்தா வெறும் குருத்துதான்."

"அப்பம் என்ன! வரி ரெண்டுக்கும் உண்டு, எலும்பு ரெண்டுக்கும் இல்ல. ரெண்டையும் படச்சவன் ஒருத்தந்தான். ஒண்ணு தேடிப்போயி தின்னுது, மத்தது அதுக்க வழியே போவுது. நான் பூச்சிய நம்புகேன். நீங்க ஒங்க புலியனக் கட்டிக்கிட்டு அழுங்கோ."

யாகப்பன் தூண்டிலைத் திருப்பிப் பிடித்து மறுபடி ராவினான். அவனுக்கும் அண்ணன் வேண்டும்தான். ஆனால் அவன் கடலை அறிந்தவன், அவனால் பூச்சியை நம்ப முடியவில்லை.

கார்த்திகை பிறந்ததும் பூச்சிகள் குறைந்துபோயின. வழிதவறியதுபோல் ஒன்றிரண்டு போகும், அவ்வளவுதான். அந்த நாளில் ஒரு காலை, யாகப்பனின் தூண்டிலில் புலியன் விழுந்தது. மூன்று மரங்களைச் சேர்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள். மணலில் ஏற்றியபோது கூடி நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். அவ்வளவு பெரியது.

பெரிய சுறா கரையேறினால் அந்த ஊரில் ஒரு முறை உண்டு. கடலில் போய்த் திரும்பாத ஆண்களின் வீட்டுப் பெண்கள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வயிற்றில் கத்தி வைக்கலாம். உள்ளே ஏதாவது கிடந்தால் முதலில் பெண்சாதியைக் கேட்க வேண்டும், பெண்சாதி இல்லாதவனுக்குத் தாயை. அவர்கள் வாயில் வருவதுதான் தீர்ப்பு. சாமியாரானாலும் அதற்கு மேல் பேச மாட்டார்.

அதனால் புலியன் அப்படியே கிடந்தது. வெயில் ஏறியது. யாகப்பன் வந்து வாசலில் நின்று கூப்பிட்டான். வியாகுலம்மாள் அசையவில்லை.

"நான் வரல்ல. என்ன வேணும்னாலும் செய்யுங்கோ."

"நீங்க வராம கத்தி வைக்க ஒக்காது மைனி. ஊருக்கு முறை உண்டு."

"அப்பம் அழுகட்டும்."

கோவில் உபதேசியார் வந்து கூப்பிட்டார். மரியாதைக்குத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை. வெயிலில் கிடக்கிற சுறா வீணாகிறதே என்று வெளியே நாலு பேர் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. விழட்டும். அவள் போகாதவரை அந்த வயிறு மூடியே இருக்கும்; வயிறு மூடியிருக்கிறவரை சிலுவைதாசன் கொழும்பில் இருக்கிறான். இதைவிட எளிய கணக்கு என்ன இருக்கிறது?

கடைசியில் மதலேனாள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை.

"ஏட்டி, எந்திரி. ஒனக்கு என்ன பயம்? நம்ம பிள்ளையள் பூச்சி போன வழியே போயாச்சுன்னு நீதானே சொன்ன? அந்த சவத்துக்க வயித்துல என்ன கெடக்கும்? ஒண்ணும் கெடக்காது. போயி நின்னு, ஊருக்க வாய அடச்சிட்டு வருவோம். வா மக்கா, எனக்க கையப் பிடி."

தான் சொன்ன சொல்லே திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்தால் எப்படி வரமாட்டேன் என்பது? வியாகுலம்மாள் எழுந்தாள். இருவரும் கைகோத்துக்கொண்டு மணலில் நடந்தார்கள். யார் யாரை நடத்திப் போனார்கள் என்று சொல்ல முடியாது.

கூட்டம் விலகி வழிவிட்டது. புலியனை அவள் அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். வயசான சுறா, வரிகள் மங்கி, வாலுக்குக் கிட்டே மட்டும் கொஞ்சம் தெளிவாக இருந்தன. வாய் அரைகுறையாகத் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே ஈரம் உலராத இடத்தில் ஒரு வண்ணாத்திப்பூச்சி உட்கார்ந்திருந்தது. கறுத்த சிறகு, நீல வரி. சிறகை மெல்ல மூடித் திறந்துகொண்டு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பசித்த பூச்சிக்கு என்ன தெரியும்? வியாகுலம்மாள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாகப்பன் கத்தியோடு குனிந்ததும் அது எழும்பிப் போய்விட்டது.

அவன் வயிற்றைக் கீறினான். குடலும் ஈரலும் சரிந்தன. ஆமையோட்டுத் துண்டு ஒன்று, பெரிய மீனின் தலை, கயிற்று முடிச்சு, ஒரு சிரட்டை. மனித உடம்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. "பாத்தியா, பாத்தியா" என்று மதலேனாள் அவள் கையை அழுத்தினாள். அப்போது யாகப்பன் எதையோ விரலில் எடுத்தான். ஓடிப்போய்க் கடல் தண்ணீரில் அலசிவிட்டு வந்தான். உள்ளங்கையை நீட்டினான்.

உத்தரியம். கயிறு பாதி போய், ஒரே ஒரு கம்பளித் துண்டு. அதன் மூலையில் நாலு தையல். கறுத்துப் போயிருந்தது, ஆனாலும் உள்மடிப்பில் நீலம் தெரிந்தது. அவளுடைய தையல். முடிச்சு சரியாக விழவில்லை என்று அவள் இரண்டாவதாகப் போட்ட முடிச்சுகூட அப்படியே இருந்தது.

"வியாகுலம், நல்லா பாத்துச் சொல்லு. இது ஒனக்க மாப்பிளைக்க உத்தரியமா?" என்றார் உபதேசியார்.

"இல்ல."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆமாம் என்றால் இந்த நிமிஷமே மணி அடிக்கும், கழுத்து வெறுமையாகும், நாளைக்கு உலையில் ஒரு ஆளுக்குத்தான் அரிசி போட வேண்டும். அவ்வளவும் ஒரே நொடியில் கண்முன் வந்தது. அதற்கு அப்பால் இருந்தது எதுவும் அந்த நொடியில் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அவியளுக்கது இல்ல," என்று இன்னொரு தடவை உறுதியாகச் சொன்னாள்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு எல்லோரும் மதலேனாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் வியாகுலம்மாளுக்குத் தான் செய்தது என்ன என்று புரிந்தது. மரத்தில் போனது இரண்டே பேர். ஒருவனுடையது இல்லை என்றால் மற்றவனுடையது. அந்த வருஷம் கடலில் போய்த் திரும்பாதவர்கள் ஊரில் வேறு யாரும் இல்லை. இதற்குப் பெரிய யோசனை ஒன்றும் வேண்டாம்.

"மாமி..." என்றாள்.

உபதேசியார் உத்தரியத்தைக் கிழவியின் கையில் வைத்தார். அவள் விரலால் தடவினாள். கன்னத்தில் வைத்தாள். முகர்ந்து பார்த்தாள். எல்லா உத்தரியமும் ஒரே கம்பளி, ஒரே அளவு. கண் தெரியாதவளின் விரலுக்கு அதில் என்ன வித்தியாசம் தெரியும்? தன் புருஷனுடையது இல்லை என்று வியாகுலம்மாள் சொல்லிவிட்டாள், அதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே அடையாளம்.

"எனக்க மவனே!" என்று மதலேனாள் மணலில் விழுந்தாள். "எனக்க தங்கமே, நீ இதுக்க வயித்துலயா கெடந்த? நான் கதவத் திறந்து போட்டு ஒன்னப் பாத்திருந்தேனே!"

கோவிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. சிலுவைதாசனுக்காக அடித்த மணி அது. அதைத் தெரிந்தவள் அந்தக் கரையில் ஒருத்திதான், அவள் கிழவியைத் தூக்கி நிறுத்துவதில் மும்முரமாக இருந்தாள்.

சாயங்காலம் யாகப்பன் வந்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல், "மைனி, அதுல ஒரு மூலையில நீல நூலு இருந்துது," என்றான்.

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"நான் ஒண்ணும் கேக்கல்ல," என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. புலியனுக்குத் தூண்டில் போடுவதையும் அன்றோடு விட்டுவிட்டான்.

மறுநாள் விடிந்ததும் வியாகுலம்மாள் மதலேனாளிடம் சொல்லிவிடுவது என்று புறப்பட்டாள். அடக்கம் பகல் பூசைக்குப் பிறகு. அதற்குள் சொல்லிவிட்டால் போதும். ஊர் காறித் துப்பட்டும். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். மதலேனாள் வீட்டுக் கதவு தாழ் போட்டிருந்தது. புரட்டாசிக்குப் பிறகு அந்தக் கதவு மூடியது அன்றுதான். தட்டினாள்.

கிழவி எழுந்து வந்து திறந்தாள். அழுது வீங்கின முகம். ஆனாலும் அதிலிருந்து ஏதோ பாரம் இறங்கியிருந்தது.

"வா மக்கா. நான் ஒறங்கிப்போனேன் பாத்துக்க. எத்தன நாளாச்சு இப்பிடி ஒறங்கி! கஞ்சி கூட குடிச்சேன். தள்ளைக்கு இது வெக்கக்கேடுதான், மவன் போன வீட்டுல ஒறக்கம் வருதேன்னு. ஆனா மக்கா, இனி காத்து கெடக்காண்டாம் இல்லியா? அவன் எங்க இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. மழையில நனையுதானா, பசியில கெடக்கானா, ஒண்ணும் நெனைக்காண்டாம். அந்த உத்தரியத்தத் தொட்டப்பம் அவனுக்க சூடு இருந்துது மக்கா. நெசமாட்டு இருந்துது."

வியாகுலம்மாள் வாயைத் திறந்தாள். கிழவி கையை நீட்டித் துழாவி அவள் கன்னத்தைக் கண்டுபிடித்தாள்.

"நீ எதுக்கு அழுத? ஆண்டவரு பங்கு வச்சாச்சு. புலியன் எனக்கு, பூச்சி ஒனக்கு. ஒனக்க ஆளு வருவான். நீ சொன்னது பொய்யாவாது."

வியாகுலம்மாள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் இந்தக் கதவு மறுபடி திறந்து கிடக்கும். இந்தக் குருட்டுக் கண் மறுபடி இருட்டில் விழித்துக் கிடக்கும். கையில் கிடைத்த மகனைப் பிடுங்கி மறுபடி கடலில் எறிவதா? அதனால்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தன் பயத்தினாலும்தான் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். எது பாதி, எது முக்கால் என்று சாகிறவரை அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சின்னப் பெட்டி ஒன்று செய்திருந்தார்கள். ஒருவனே கையில் ஏந்திப் போகலாம். சாமியார் முன்னால் போனார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழியருகில் நட்ட மரச்சிலுவையில் தஸ்நேவிஸ் என்று கரியால் எழுதியிருந்தது. வியாகுலம்மாள் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டிக்குள் இருப்பது அவள் கையால் தைத்தது, அவள் கையால் புருஷன் கழுத்தில் போட்டுவிட்டது. அவன் மேல் விழுந்து அழ வேண்டிய இடம் அது. தலையை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு, என்னையும் சேர்த்து மூடுங்கோ என்று கத்த வேண்டிய இடம். அவளோ மதலேனாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அயல்காரி எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழுதாள். அதற்கு மேல் ஒரு சொட்டு வந்தாலும் ஊர் திரும்பிப் பார்க்கும்.

"நீயும் ஒரு பிடி மண்ணு போடு மக்கா. ரெண்டு பேரும் ஒரே மரத்துல போனவிய இல்லியா," என்றாள் கிழவி.

அவள் குனிந்து ஒரு பிடி எடுத்தாள். ஈர மணல். பெட்டியின் மேல் அது விழுந்த சத்தம் அவளை விட்டுப் போகவேயில்லை.

வருஷம் ஒன்று ஓடியது. அவள் கழுத்தில் மின்னு கிடந்தது. உலையில் இரண்டு பேருக்கு அரிசி போடுவதை அவள் நிறுத்த நினைத்தாள்; ஆனால் கிழவி தினமும் வந்து, "அவனுக்கு எடுத்து வச்சியா?" என்று கேட்டாள். எடுத்து வைத்தேன் என்று சொல்வதற்காகவே எடுத்து வைத்தாள். ஒருநாள் யூஜினைப் பார்த்து, "நீ சொன்ன அந்த மலைக்குப் போன பூச்சி எப்பம் திரும்பி வரும்?" என்று கேட்டாள். யூஜின் எதையோ சொல்ல வந்து தலையைச் சொறிந்தான். அந்த ஒரு தடவைதான் கொழும்பைப் பற்றிப் பேச அவனுக்கு மனசில்லாமல் இருந்தது.

"திரும்பி வாறதில்ல அக்கா. சாவத்தான் அங்க போவும்னு அந்த ஊருல சொல்லுவினும். நான் அன்னைக்கு அத சொல்லாம விட்டேன்."

"நல்லதாச்சு," என்றாள் வியாகுலம்மாள்.

ஐப்பசியில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. ஊரெல்லாம் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. மதலேனாள் வியாகுலம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு மகனின் குழிக்கு வந்தாள். மண்ணைத் தடவி, சிலுவையைத் தடவி, முத்தமிட்டாள். வியாகுலம்மாள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ஊன்றினாள். காற்றில் அணையாமல் இருக்கக் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே முழங்கால் போட்டாள். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அவன் பக்கத்தில் இப்படி இருக்க முடியும். ஒன்றும் வேண்டாம், கொஞ்ச நேரம் இருந்தால் போதும்.

அப்போது தலைக்கு மேலே பூச்சிகள் போகத் தொடங்கின. யாரோ சொன்னது கிழவியின் காதில் விழுந்துவிட்டது.

"பூச்சி போவுதா மக்கா?"

"போவுது மாமி."

"நெறைய உண்டா?"

அண்ணாந்து பார்த்தாள். "நெறைய உண்டு."

மதலேனாளின் முகம் மலர்ந்தது. வியாகுலம்மாளுக்காகத்தான் மலர்ந்தது. கையை நீட்டி அவள் தோளைத் தேடிப் பிடித்து எழுப்பினாள்.

"அப்பம் இஞ்ச எதுக்கு முட்டுக்குத்தி கெடக்க? இது எனக்க மவனுக்க குழி, இத நான் பாத்துக்கிடுகேன். ஒனக்க ஆளு அங்க இருக்கான். இதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, அந்தால கடலப் பாத்து நின்னு கும்பிடு மக்கா."

வியாகுலம்மாள் எழுந்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல், புருஷனின் குழிக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துத் திரும்பி நின்று கும்பிட்டாள்.